டெலிமா தடத்துக்கு ஒரு மூக்கு

அன்புள்ள மச்சான் வில்பிரட்டுக்கு,

டாரில் எழுதுறது. இங்க நானும் உங்க அப்பாவும் உயிரோட இருக்கோம். நீ எப்படி இருக்கன்னு கேக்க போன் பண்ணேன், பண்ணேன், பண்ணிக்கிட்டே இருந்தேன். உன் பெட்டி நிறைஞ்சுபோச்சாம், இனிமே சேதி விட முடியாதாம். ஒரு பொம்பளக் குரல் பொறுமையா சொல்லுது. அந்தப் பொறுமை எனக்கு இல்ல. அதான் பேனா எடுத்துட்டேன். என்கூட தண்ணி பிளான்ட்ல வேல பாக்குற மேவிஸ் அக்கா கண்ணு காட்ட வின்னிப்பெக் வருது. இத உன் கையில குடுத்துட்டு, நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நிக்கச் சொல்லியிருக்கேன். சரின்னுருச்சு. நிக்கும்னு உனக்கே தெரியும். அதனால உள்ள கூப்பிட்டு ஒரு டீ போட்டுக் குடுத்துட்டு படி.

ஏரி நல்லா இறுகிருச்சு. பனிப்பாதை திறந்து லாரி வருது, கடையில முட்டை இருக்கு. உங்க அப்பாவுக்கு முட்டி வீங்கியிருக்கு. நர்ஸ் மாத்திரை குடுத்துச்சு, அத, அவரத் தடுக்கி விழ வச்ச நாய்க்கே குடுத்துட்டார். நாய் நல்லா இருக்கு.

உங்க அப்பா இப்ப என் வீட்டுலதான் இருக்கார். உனக்கு யாராவது சொன்னாங்களோ என்னவோ. உன் அக்கா டெலிமாவ அடக்கம் பண்ண மறுவாரமே வந்துட்டார். "உனக்குத் துணைக்கு வந்தேன்னு நினைச்சுக்காத மாப்ள, உன் அடுப்பு நல்லா எரியுது, அதான்"னார். கொண்டு வந்தது துணி ஒரு பை, ஜாடி ஒரு பெட்டி. நான் கையுறை காயப்போடுற கம்பில இப்ப பீவரோட வாசனைப் பை தொங்குது, சோடி சோடியா, வத்திப்போன பேரிக்காய் மாதிரி. என் காப்பி மெஷின்ல காஞ்ச பைய அரைச்சிட்டார். ஏன் மாமா இப்படிப் பண்றீங்கன்னா, "காப்பியும் அரைக்கிறதுதான், இதுவும் அரைக்கிறதுதான்"ங்கிறார். தொடைச்சிட்டாராம். எதால தொடைச்சீங்கன்னு கேட்டேன். போட்டிருந்த சட்டையக் காட்டுறார். அதே மெஷின்ல காப்பி அரைச்சுக் குடிச்சேன். வழக்கமான காப்பி மாதிரிதான் இருந்துச்சு.

காட்டுப்பூனையக் கண்ணிக்கு இழுக்குற மருந்து விஷயம் உனக்குத் தெரியும், இருந்தாலும் இந்த வருஷம் என்ன ஆச்சுன்னு புரியணும்னா முதல்ல இருந்து சொல்லணும். உன் அக்கா இருந்தப்ப மருந்து செய்யறதுல மாமாவுக்குப் பாதி, அவளுக்குப் பாதி. மாமா அரைப்பார். பீவர் பை, மிங்க்ங்கிற நீர்க்கீரியோட சுரப்பி, மீன் எண்ணெய் எல்லாம் சேர்த்து அடுப்புக்குப் பின்னால ஊற வைப்பார். அவ வேல விட்டு வந்ததும் தொப்பியக் கூடக் கழட்டாம மூடியத் திறந்து மோந்து பாப்பா. "இன்னும் வரல"ன்னு மூடுவா. ஒருநாள் "போதும்"பா. சொன்ன கையோட ஜாடியத் தூக்கி வெளிய குளிர்ல வச்சிருவா. பெறகு அது கெடாது. அந்தப் "போதும்" என்னைக்குன்னு அவ மூக்குக்குத்தான் தெரியும். நான் ஸ்கிடூ பனிவண்டி ஓட்டுவேன், பின்னால அவ உக்காந்து வருவா. கண்ணி வைக்கிற வேட்டைத் தடத்துல என் வேல அவ்வளவுதான்.

இந்த வருஷம் மாமா ஜாடியத் திறந்து என் மூக்குக்குக் கீழ நீட்டுறார். "என்ன மாப்ள, வந்துருச்சா?"

வந்துருச்சு மாமான்னு சொன்னேன்.

அந்த மருந்த எடுத்துக்கிட்டு தடத்துல இறங்குனோம். உன் அக்கா கட்டுன அதே இடம், அதே ஊசிமரத்தடி. கிளைய வெட்டி சின்னக் குடிசை மாதிரி சாய்ச்சு, உள்ள மருந்தத் தடவி, வாசல்ல கண்ணி வச்சு, காட்டுக்கோழி றெக்க ஒண்ண நூல்ல கட்டித் தொங்கவிட்டோம். ஒண்ணு விடல. மறுவாரம் போனா காட்டுப்பூனை வந்திருக்கு, மச்சான். கால் தடம் என் உள்ளங்கை அகலம். நேரா வந்திருக்கு, குடிசைக்கு முன்னால உக்காந்திருக்கு, உக்காந்த இடத்துல பனி குழிஞ்சிருக்கு. பெறகு எந்திரிச்சுத் திரும்பிப் போயிருச்சு. அடுத்த குடிசையிலயும் அதே கதை. அதுக்கடுத்ததுலயும் அதே. விருந்துக்கு வந்துட்டு இலைய எட்டிப் பாத்துட்டுப் போன மாதிரி.

மாமாவுக்குக் குத்தம் சொல்ல ஆள் வேணுமே, நான்தான் இருக்கேன். "உன் மேல குளோரின் வாசம் அடிக்குது மாப்ள. உங்க ஊர்ல காட்டுப்பூனைக்குக் குழாய்த்தண்ணி காட்டித்தான் பிடிப்பாங்களோ?" எங்க ஊர் ஆத்தங்கரைல இருக்குறது ஒரு பாவம்னு கல்யாணத்தன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு, இன்னும் முடியல. நான் சோப்ப மாத்துனேன். பிளான்ட் சட்டைய வீட்டுக்கே கொண்டு வரல. தடத்துக்குப் போடுற துணிய ஊசிமரக் கிளையோட சேத்துக் கட்டி வெளிய தொங்கவிட்டேன். பனியில உருளச் சொன்னார், உருண்டேன். சர்டிபிகேட் வாங்குன தண்ணி டெக்னீஷியன், முப்பது வயசு ஆம்பள, பனியில உருளுறேன், மொட்டை மரத்துல உக்காந்து காக்கா பாத்துக்கிட்டு இருக்கு. அடுத்த வாரமும் பூனை வந்துச்சு, உக்காந்துச்சு, போயிருச்சு.

இங்க பெர்சி விஷயம் சொல்லணும். தடம் உன் அக்கா பேர்ல இருந்துச்சு, நீ வேணாம்னு அவளுக்கு விட்டுக்குடுத்தது. இப்ப அது யார் பேர்லயும் இல்ல. மார்ச்ல வேட்டைக்காரங்க கூட்டம். இந்தக் குளிர்காலம் தடத்துல தோலே எடுக்கலன்னா, "பாவம், துக்க வீடு, தடம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்"னு சொல்லுவாங்க. ஓய்வெடுக்குற வரைக்கும் பக்கத்துத் தடத்துக்காரன் பெர்சி பாத்துக்குவான். அவன் பாத்துக்கிட்டா திரும்பி வராது, அவன் வாங்கிட்டுப் போன ரம்பம் மாதிரி. கடையில பாக்கும்போதெல்லாம் என் தோள்ல கை வச்சு, "தைரியமா இருப்பா"ங்கிறான். நான் வெளியூர்க்காரன், கூட்டத்துல எனக்குக் குரல் கிடையாது. மாமாவுக்கு முட்டி. உனக்குக் குரல் இருக்கு, ஆனா உன் பெட்டி நிறைஞ்சிருக்கு.

கோபமா எழுதுறேன்னு நினைக்காத. கோபம்தான்.

இப்ப பிளான்ட்ல நடந்தது. ஒரு மத்தியானம் நான் உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கேன். மீட்டர் அலற ஆரம்பிச்சுது. மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு அதத் தட்டிக்கிட்டு இருந்தேன். மேவிஸ் அக்கா கதவத் திறந்துச்சு, இருமிக்கிட்டே என் காலரப் புடிச்சு வெளிய இழுத்துருச்சு. "குளோரின் கசியுதுடா, உள்ள உக்காந்து ரொட்டி திங்கிற! உனக்கு மூக்கு செத்துப்போச்சா?" கொஞ்சம்தான் கசிஞ்சிருந்துச்சு, வால்வ மூடிட்டோம். எனக்குக் கண்ணு மட்டும் எரிஞ்சுது. கண்ணு இப்பல்லாம் எரியுறதுதானேன்னு நான் கண்டுக்கல.

அப்பத்தான் உக்காந்து யோசிச்சேன். காப்பி. மீன் வறுவல். ஸ்கிடூ பெட்ரோல். எதுவுமே எனக்குத் தெரியல. எப்ப இருந்துன்னும் தெரியல. மழை உறைஞ்சு, அவள ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போக வேண்டிய விமானம் எறங்க முடியாமப் போன அந்த அக்டோபர் நாள்ல இருந்து எதையும் நான் மோந்து பாக்கவே இல்ல போல. நர்ஸ்கிட்ட போனேன். மூக்குல லைட்டடிச்சுப் பாத்துட்டு உள்ள ஒண்ணும் இல்லன்னுச்சு. ஒண்ணும் இல்லன்னா நல்லதா கெட்டதான்னு கேட்டேன். பொறுத்திருந்து பாக்கலாம்னுச்சு. இங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

மாமாகிட்ட சொல்லல. சொல்லியிருக்கணும்னு நீ சொல்லுவ. அவர் ஜாடியத் திறந்து நீட்டும்போது என் மூஞ்சியப் பாப்பார், மச்சான். நான் மோந்து பாக்குறதப் பாக்கமாட்டார், மூஞ்சியத்தான் பாப்பார். அந்த நேரத்துல "எனக்கு ஒண்ணும் தெரியல மாமா"ன்னு எப்படிச் சொல்றது? அதனால ஒவ்வொரு ஜாடிக்கும் வந்துருச்சு மாமா, நல்லா இருக்கு மாமான்னேன். அவரும் ஜாடிக்கு மேல மூச்ச ஒரு இழு இழுத்து மோந்துட்டு, "நல்லாத்தான் இருக்கு"ம்பார். அவரும் சொல்றாரே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நான் இருந்துட்டேன்.

போன சனிக்கிழமை தடத்துக்குப் போனா ஒரு குடிசை கூட நிக்கல. எல்லாத்தையும் பிச்சுப்போட்டிருக்கு. கண்ணி அறுந்து, றெக்க துண்டு துண்டா, மரத்துல நகக்கீறல். குட்டிக்கரடி மாதிரி இருக்குமே, அந்த வால்வரின். இத்தன வருஷத்துல நம்ம தடத்துல அந்தத் திருட்டுப் பய கால் வச்சதே இல்லன்னு நீயே சொல்லியிருக்க. ஒவ்வொரு குடிசையா மருந்து தடவுன இடத்தத் தேடித் தேடி நக்கியிருக்கு. அதுக்குப் புடிச்சது என்னன்னு உனக்குத் தெரியும், செத்து நாறுனது.

மாமா கவுந்துகிடந்த சறுக்குவண்டி மேல உக்காந்துட்டார். உக்காந்துக்கிட்டே ஆரம்பிச்சார். குளோரினு, உங்க ஊரு, உங்க ஆறு, உங்க தாத்தன்னு வரிசையா வந்துச்சு. "என் பொண்ணு கைபட்ட எடம்டா இது, பீவரக் கூட மோந்து பாக்கத் தெரியாத ஒருத்தன் கையில விட்டுட்டுப் போயிருச்சே!" அதுக்கு மேல என்னால முடியல. ஆமா மாமா, எனக்கு மோந்து பாக்க முடியாது, மூக்கு போச்சு, மூணு மாசமா போச்சு, உங்க ஜாடியில ஒண்ணு கூட நான் மோந்து பாக்கல, பச்சப் பொய் சொன்னேன்னு கத்திட்டேன். மரத்துல இருந்து பனி விழுந்துச்சு.

அவர் சறுக்குவண்டியப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சார். அடிக்கப்போறார்னு நினைச்சேன். என் மூஞ்சியப் பாத்து, "உனக்குமா?"ன்னார்.

எனக்குமான்னா என்ன மாமான்னேன்.

அவருக்கும் மூக்கு இல்ல, மச்சான். எல்லாரும் படுத்துக்கிடந்த அந்தக் காய்ச்சல்ல போனது, திரும்பி வரவே இல்லையாம். உன் அக்காவுக்கு மட்டும்தான் தெரியுமாம். "உன்கிட்ட சொல்லாதன்னு நான்தான் சொல்லிவச்சேன். மாமனார் மானம்னு ஒண்ணு இருக்கு பாரு. நீ நல்லா இருக்குன்னு சொன்ன, உன்ன நம்பி நானும் நல்லா இருக்குன்னேன்." நானும் அவர நம்பித்தான் இருந்தேன்னேன். ரெண்டு பேரும் நடுவுல இருந்த ஜாடியப் பாத்தோம். ரெண்டு மூக்கில்லாதவன் ஒரு குளிர்காலம் பூரா ஒருத்தன ஒருத்தன் நம்பி, அழுகுனத அம்பது மரத்துல பூசியிருக்கோம். அடுப்புக்குப் பின்னால இருந்து எந்த ஜாடியையும் யாரும் வெளிய எடுத்து வைக்கவே இல்ல. எடுத்து வைக்கச் சொல்ல ஆள் இல்ல. மாமா சிரிக்க ஆரம்பிச்சார். சிரிப்பு இருமலாயிருச்சு, இருமல் வேற என்னமோ ஆயிருச்சு. நான் போய் ஸ்கிடூவ ஸ்டார்ட் பண்ணேன். பண்ண வேண்டிய அவசியமே இல்ல, சும்மா சத்தத்துக்காகப் பண்ணேன்.

வீட்டுக்கு வந்ததும் மேவிஸ் அக்காவக் கூப்பிட்டு இத மோந்து பாரு அக்கான்னு நீட்டுனேன். மூடியத் திறக்கல, அதுக்குள்ள வாசல்ல போய் நின்னுக்கிச்சு. "மூடியே வேணாம், வீடே அப்படித்தான் இருக்கு. கோடையில செத்த கஸ்தூரி எலிய ரப்பர் பூட்ஸுக்குள்ள போட்டு வச்ச மாதிரி"ன்னுச்சு. எப்ப இருந்துன்னேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால இருந்தாம். கோயில்ல எங்க பெஞ்சுலயும் முன் பெஞ்சுலயும் யாரும் உக்காராம இருந்தாங்க. துக்கத்துக்கு எடம் விடுறாங்கன்னு நினைச்சு நான் மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன். பாதிரியார் பூசைக்கு ரெண்டு மடங்கு சாம்பிராணி போட்டதும் எங்களுக்காகத்தானாம். ஊரே மூக்கப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கு!

ஒருத்தர் கூட ஏன் சொல்லலன்னு கத்துனேன். மேவிஸ் அக்கா ஒரு மாதிரி பாத்துச்சு. "யார்றா சொல்லுவா? துக்க வீட்டுக்காரன் மூஞ்சிக்கு நேரா நீ நாறுறன்னு யார் சொல்லுவா? அண்ணன் தம்பி சொல்லக்கூடாது, அத்தை சொல்லக்கூடாது, நான் சொல்லவே கூடாது. மச்சான்காரன் ஒருத்தன்தான் சொல்லலாம். துக்கத்துலயும் அவன் வாய்க்கு மட்டும்தான் பூட்டு கிடையாது. உன் மச்சான் எங்க?"

யோசிச்சுப் பாத்தா அதுதான் நிஜம். என் கல்யாணத்துல என் சட்டையப் பாத்து, "பொண்ணு வீட்டு ஜன்னல் திரை ஒண்ணு காணோம்"னு ஊர் முன்னால சொன்னது நீ. எனக்கு ஸ்கிடூ பழக்கிவிட்டு, "பாத்து ஓட்டு, மரங்களுக்கும் குடும்பம் இருக்கு"ன்னது நீ. அக்டோபர்ல இருந்து என்ன யாரும் கிண்டல் பண்ணல, மச்சான். எல்லாரும் மெதுவா பேசுறாங்க. கஞ்சி கொண்டு வந்து வச்சுட்டு சத்தமில்லாம கதவ மூடிட்டுப் போறாங்க. நான்தான் செத்தவன்ங்கிற மாதிரி.

நீ ஏன் வரலன்னு எனக்குத் தெரியும். அடக்கத்தன்னைக்கு விருந்து முடியுறதுக்குள்ள ஏர்போர்ட்டுக்குப் போயிட்ட. அந்த வீட்டு வாசல்ல அவ நிக்காதத உன்னால பாக்க முடியாது. சரி. என்னாலயும் முடியாது. நான் தினம் பாக்குறேன்.

இப்ப நெலமை இதுதான். அழுகுன ஜாடி எல்லாத்தையும் குப்பைமேட்டுல ஊத்திட்டோம், நாயெல்லாம் அங்கயே குடியேறிருச்சு. மாமா முட்டிய இழுத்துக்கிட்டுப் போய் பனிக்கட்டிக்கு அடியில கண்ணி வச்சு ரெண்டு பீவர் எடுத்திருக்கார். பை புதுசு, அரைச்சு வச்சாச்சு. அடுப்புக்குப் பின்னால ஊறிக்கிட்டு இருக்கு. பூனைக்கு பிப்ரவரி கடைசி வரைக்கும் சீசன் இருக்கு. தடம் உன் அக்காவோடது, அது பெர்சிகிட்ட போறத மாமா பாக்கக்கூடாது. குளோரின அளக்க எனக்கு மீட்டர் இருக்கு, இத அளக்க மீட்டர் இல்ல. மேவிஸ் அக்காவுக்கு நாத்தம் தெரியும், "போதும்" தெரியாது. உனக்குத் தெரியும். உன் அக்காவுக்கு முன்னால ஜாடிய மோந்து பாத்துக்கிட்டு இருந்தது நீதான்னு மாமா இந்த வாரம்தான் சொன்னார். உன் மூக்கு நல்லதுன்னார். உன்னப் பத்தி அவர் நல்லதா சொல்லி நான் கேட்டது அது ஒண்ணுதான், அதனால பத்திரமா வச்சுக்க.

இன்னொண்ணு. இது மேவிஸ் அக்காவுக்குத் தெரிய வேணாம், மொகத்தக் காட்டிக்காமப் படி. அவ துணி எல்லாத்தையும் முறைப்படி எரிச்சாச்சு, நீயும் பக்கத்துல நின்ன. ஒண்ணு எரிக்கல. தடத்துக்குப் போட்டுட்டுப் போற அந்தப் பச்சைக் கோட்டு. படுக்கைக்கு அடியில பிளாஸ்டிக் பைக்குள்ள கட்டி வச்சிருக்கேன். மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சும் கேக்கலையோ என்னவோ. அவுத்து மூஞ்சிய உள்ள வச்சுப் பாத்தேன். வெறும் துணி. அது துணியோட குத்தமா, என் மூக்கோட குத்தமான்னு எனக்குத் தெரியல. நீ வந்து மோந்து பாத்துச் சொல்லணும். அவ வாசம் இருந்தா இருக்குன்னு சொல்லு, மறுபடி இறுக்கிக் கட்டி வச்சிருவேன். இல்லன்னா இல்லன்னு சொல்லு, ரெண்டு பேரும் ஏரிக்கரைல கொண்டுபோய் எரிச்சிரலாம். பொய் மட்டும் சொல்லாத. இந்த வீட்டுல நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு ரெண்டு பேர் சொல்லிக்கிட்டதுக்கே ஒரு குளிர்காலம் போச்சு.

வியாழக்கிழமை மேவிஸ் அக்கா திரும்பி வருது. அது வர்ற விமானத்துல இன்னொரு இடம் இருக்கு, நான் கேட்டுட்டேன். கடவுள் உன்ன நல்லா வச்சிருக்கட்டும், வானம் தெளிவா இருக்கட்டும், விமானம் இந்தத் தடவ எறங்கட்டும்.

துக்கம் விசாரிக்க வராத, மச்சான். அதுக்கு இங்க ஊரே இருக்கு. என்னத் திட்ட வா.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
டாரில்